அரசு கிராண்ட் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

கடலூர், பண்ருட்டி, புதுச்சேரிப் பக்கம் பட்டறையோ சின்னத் தொழிலோ வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். புது இயந்திரம் செய்ய அரசு 20 லட்சம் தருகிறது, வாங்கித் தருகிறோம் என்று சொல்லி என்னிடம் 1,21,800 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள். பணம் போனதைவிட இரண்டு வருஷம் போனதுதான் பெரிய அடி.

எனக்குக் கடலூர் முதுநகரில் ஒரு லேத் பட்டறை. என் சித்தி காடாம்புலியூரில் முந்திரி உடைக்கப் போகிறவர். கொட்டையை வெட்டும்போது தெறிக்கிற தோல் எண்ணெய் பட்டுப் பட்டு விரலெல்லாம் கறுத்து, ரேகையே தேய்ந்துவிட்டது. ரேஷன் கடையில் விரல் வைத்தால் மெஷின் எடுப்பதில்லை. கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் வேலைக்கு உட்காருகிறார்கள். கையுறை போட்டால் வேகம் வராது, கிலோ கணக்குக் கூலியில் வேகம் குறைந்தால் சோறு குறையும். அதைப் பார்த்துத்தான், கொட்டையை மூடிய பெட்டிக்குள்ளேயே வெட்டி எண்ணெயைத் தனியாக வடிக்கிற இயந்திரம் ஒன்றைச் செய்ய ஆரம்பித்தேன். அந்த எண்ணெயும் வீணில்லை, பெயின்ட்டுக்கும் பிரேக் லைனிங்குக்கும் வாங்குகிறார்கள். முதல் மாதிரி ஓடியது. ஆனால் பருப்பு பாதிக்குமேல் உடைந்து வந்தது. முழுப் பருப்பு வராத இயந்திரத்தை யாரும் வாங்கமாட்டார்கள். அடுத்த மாதிரிக்குப் பணம் தேவைப்பட்டது.

2022 கடைசியில் புதுச்சேரியிலிருந்து ஓர் ஆலோசனை நிறுவனத்தார் ஃபோன் செய்தார்கள். "அண்ணே, உங்க மெஷினப் பத்திக் கேள்விப்பட்டோம். சென்ட்ரல் கவர்மெண்ட் சீட் ஃபண்ட்ல 20 லட்சம் வரும், திருப்பிக் கட்டவே வேணாம்" என்றார்கள். நேரில் போனேன். சுவரில் அமைச்சர்கள் படம், மேசையில் கொடி. அரசு அலுவலகம் மாதிரியே இருந்தது.

அவர்கள் சொன்ன திட்டம் பொய்யில்லை, அதனால்தான் நம்பினேன். ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்ட் 2021ல் 945 கோடி ஒதுக்கீட்டில் தொடங்கப்பட்டது. மாதிரி செய்யவும் சோதித்துப் பார்க்கவும் 20 லட்சம் வரை கிராண்ட் இருந்தது என்பதும் உண்மை. அவர்கள் சொல்லாமல் விட்டதில்தான் விஷயமே இருக்கிறது. இந்தப் பணத்தை டெல்லி நேரடியாக நமக்குத் தராது. தேர்ந்தெடுத்த இன்குபேட்டர்களுக்கு, அதாவது புதுத் தொழில்களைக் கைதூக்கிவிடுகிற மையங்களுக்குத் தரும். அங்கே இருக்கிற குழு நம் விண்ணப்பத்தைப் பார்த்து, வேலை நடக்க நடக்கத் தவணையாகக் கொடுக்கும். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. இன்குபேட்டரும் நம்மிடம் எதுவும் வாங்கக்கூடாது என்று விதியே இருக்கிறது.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு 35,000, அதற்கு ஜி.எஸ்.டி. 6,300. தனிநபர் பட்டறைக்குத் தரமாட்டார்கள், பிரைவேட் லிமிடெட் வேண்டும் என்று கம்பெனி பதிவுக்கு 22,000. புதுத் தொழில் என்று மத்திய அரசு தருகிற ஸ்டார்ட்அப் அங்கீகாரத்துக்கு 15,000. சிறு தொழில் என்று அரசிடம் பதிகிற உத்யம் பதிவுக்கு 3,500. கடைசி இரண்டும் அரசுத் தளத்தில் முழுக்க இலவசம். உத்யம் பதிவை ஆதார் எண் வைத்து நாமே செய்துகொள்ளலாம்.

அப்புறம் ஒன்றரை வருஷம் "அடுத்த கமிட்டில வந்துடும்" என்றே ஓடியது. 2024 ஆடியில் வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் வந்தது. மேலே சிங்கமுத்திரை, கீழே டெல்லி விலாசம், 20 லட்சம் ஒப்புதல் என்று இருந்தது. விடுவிக்க 2 சதவீதம், அதாவது 40,000 கட்டச் சொன்னார்கள். ஒரு முந்திரிக் கொட்டகைக்காரர் என்னை நம்பி இயந்திரத்துக்குக் கொடுத்திருந்த அட்வான்ஸை எடுத்துக் கட்டினேன். இதை எழுதும்போதும் வயிறு கலங்குகிறது.

கார்த்திகையில் பொறுக்க முடியாமல் ஒரு பொறியியல் கல்லூரி இன்குபேட்டருக்கு நேரில் போனேன். அங்கிருந்த தம்பி என் கம்பெனி பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, விண்ணப்பமே வரவில்லை என்றார். சீட் ஃபண்ட் தளத்தில் என் கம்பெனிக்கு இருந்த லாகினில் ஃபோன் நம்பரும் மின்னஞ்சலும் அந்த ஆலோசனைக்காரர்களுடையவை. சிங்கமுத்திரைக் கடிதத்தைக் காட்டினேன். "சார், இந்த கிராண்டுக்கு டெல்லியிலிருந்து கடிதமே வராது, நாங்கள்தான் தருவோம்" என்றார்.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. விண்ணப்பிக்கும் நாளில் கம்பெனி பதிவாகி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது. என் கம்பெனியை அவர்கள் பதிவு செய்தது 2023 ஜனவரியில். பாக்கி இருந்தது ஏழெட்டு வாரம். அந்த இன்குபேட்டர் அடுத்து விண்ணப்பம் வாங்குவது பிப்ரவரியில். தேவை வரும் முன்பே அவசரமாகக் கம்பெனி பதிவு செய்யாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான். பதிவான அன்றே நாள் எண்ண ஆரம்பித்துவிடுகிறது.

கம்பெனி என்று ஒன்று இருந்தால் வருஷா வருஷம் கணக்குத் தாக்கல் செய்யவேண்டும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. தாமதமானால் ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம், இரண்டு படிவம். படிவங்களில் கையெழுத்துப் போடுகிற, பென் டிரைவ் மாதிரியான என் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் அதுவரை அவர்களிடமே இருந்தது. அது நம் கையெழுத்தேதான், கொடுத்து வைக்கவே கூடாது. ஒரு நாள் முழுக்க அவர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து வாங்கி வந்தேன்.

ரிப்போர்ட்டையும் அன்றுதான் முதன்முதலாக முழுசாகப் படித்தேன். பதினான்காம் பக்கத்தில் "மீன் உலர்த்தி" என்று இருந்தது. வேறு யாருக்கோ எழுதியதில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அந்த ஆள் எந்த ஊரோ, அவரும் ஏமாந்திருப்பார். ஆனால் என் இயந்திரத்தின் வரைபடங்கள் அத்தனையும் அவர்களிடம் இருக்கின்றன. கொடுக்கும் முன் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பமாவது போட்டிருக்கவேண்டும். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைனில் 1,600 ரூபாய்தான். முழு விவரம் தர 12 மாதம் அவகாசம் உண்டு. இப்போது போட்டுவிட்டேன்.

பணம் வாங்கிக்கொண்டு ரிப்போர்ட் எழுதித் தருகிற ஆடிட்டர்கள் எல்லாரும் இப்படி என்று சொல்லவில்லை. எழுதிக் கொடுத்ததற்குக் கூலி கேட்பது வேறு, கிராண்ட் நிச்சயம் என்று சொல்லி அதில் சதவீதம் கேட்பது வேறு. பில்லில் இருக்கும் ஜி.எஸ்.டி. எண்ணை அரசுத் தளத்தில் யாரும் லாகின் இல்லாமல் தேடலாம். நான் தேடியபோது அவர்கள் எண் ரத்தாகியிருந்தது. முதல் பில் வந்த அன்றே தேடியிருந்தால் மிச்சப் பணமாவது தப்பியிருக்கும்.

என்னைப் போலத் தனிநபர் பட்டறை என்றால் முதலில் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்க் கேளுங்கள். தமிழ்நாட்டில் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் என்ற நிதி உதவி இருக்கிறது, முதல் வகை 2 லட்சம் வரை, அடுத்தது 5 லட்சம் வரை. எனக்கு அடுத்த மாதிரிக்கு அதுவே போதும். 20 லட்சம் என்ற எண்தான் கண்ணை மறைத்துவிட்டது. இப்போது அதற்கு நானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். கடலூரில் இருந்துகொண்டு புதுச்சேரி ஆள்மேல் எப்படிப் புகார் கொடுப்பது என்று தயங்கவேண்டாம். 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டப்படி சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். பெயர்ப்பலகை மாறியிருக்கிறது, உள்ளே அதே ஆட்கள். மீன் உலர்த்திக்கு ரிப்போர்ட் வாங்கியவர் இதைப் படித்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். உங்கள் பில்லும் சேர்ந்தால் என் புகார் வலுவாக நிற்கும்.