மூன்று முறை கண்ணடித்துவிட்டு எரியும் விளக்கு

போன வாரம் மச்சினன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். இதே சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கும் அவன் வீட்டு அடுக்களையில் டியூப் லைட் தீபாவளி காட்டிக்கொண்டிருக்கிறது. கீழே கேள்வி: "அத்தான், இதைத் தூக்கிப்போட்டுட்டு எல்இடி மாத்திடவா? உங்க வீட்ல எது நல்லா இருக்கு?"

கேட்ட நேரம் சரியில்லை. என் வீட்டு டியூப் லைட்டுக்காக அறுபது வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்தான்) எண்ணிக் கொடுத்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். அதனால் பதில் கொஞ்சம் நீளம், கொஞ்சம் சூடு.

நான் சொல்வது பழைய நாலடி, 36 வாட் டியூப். சோக்கும் (கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பிச்சுருள்) ஸ்டார்டரும் (டியூபைப் பற்றவைக்கும் சின்ன டப்பா) தனித்தனியாக இருக்கும் ஃபிட்டிங். 2015இல் ஈசூனில் இந்த மறுவிற்பனை வீட்டை வாங்கியபோது கூடவே வந்தது. முன்பு இருந்தவர்கள் திரைச்சீலைக் கம்பியைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள். இதை மட்டும் தொடவில்லை. ஏன் என்று முதல் நாள் காலையிலேயே தெரிந்துபோனது.

சுவிட்சைத் தட்டினால் எரியாது. ஒரு கண்ணடிப்பு. இருட்டு. இன்னொன்று. இருட்டு. மூன்றாவதாக ஒன்று அடித்து, யோசித்து, பிறகு எரியும். விடியற்காலை ஐந்தரைக்கு, அரைத்தூக்கத்தில், இந்த மூன்று கண்ணடிப்பும் முடியும்வரை வாசலிலேயே நிற்க வேண்டும். நிற்காமல் கோப்பிக் குவளையைத் தட்டிவிட்டிருக்கிறேன். "டியூப் லைட்" என்று என் மனைவி சொன்னால் விளக்கைச் சொல்கிறாளா என்னைச் சொல்கிறாளா என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

நியாயமாகப் பார்த்தால் டியூப் மந்தமில்லை. தாமதம் ஸ்டார்டருடையது. அந்தச் சின்ன டப்பாவுக்குள் ஒரு குட்டி பல்பு, அதற்குள் சூடுபட்டால் வளையும் உலோகத் தகடு. வளைந்து தொட்டதும் டியூபின் இரண்டு முனை இழைகளிலும் கரண்ட் ஓடிச் சூடேறும். ஆறி விலகியதும் சோக் ஓர் உதை விடும், அந்த உயர் அழுத்தத்தில் டியூப் பற்றிக்கொள்ளும். முதல் உதையில் பற்றாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. இதெல்லாம் தெரிந்தும் விடியற்காலையில் எரிச்சல் குறைவதில்லை.

2024இல் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுகளுக்கு, மின்சாரமும் தண்ணீரும் மிச்சப்படுத்தும் பொருள்கள் வாங்க 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டு கொடுத்தார்களே, அதில் ஹாலுக்கு எல்இடி வாங்கினோம். இன்றுவரை ஒரு குறையும் சொல்வதற்கில்லை. அந்தத் தெம்பில், கைக்காசு போட்டு அடுக்களைக்கும் ஓர் எல்இடி டியூப் வாங்கினேன். 18 வாட். டியூபை மாற்றி, ஸ்டார்டரைக் கழற்றிவிட்டு அவர்கள் தரும் டம்மி ஸ்டார்டரைப் போட வேண்டும், அவ்வளவுதான். சுவிட்சைத் தட்டிய கணத்தில் வெளிச்சம்! முதல் இரண்டு நாள் காரணமில்லாமல் அடுக்களைக்குப் போய் வந்தேன்.

பதினான்கு மாதம். அதன்பின் ஒருநாள் மாலை அணைந்தது, அணைந்ததுதான். கண்ணடிக்கவில்லை, முனை கறுக்கவில்லை, ஒரு முனகல்கூட இல்லை. உள்ளே டிரைவர், அதாவது எல்இடிக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் சர்க்யூட், போயிருக்கும் என்று நினைக்கிறேன். திறந்து பார்க்க வழியில்லை, ஒட்டி மூடிய குழாய். இரண்டு வருட உத்தரவாதம் இருந்தது. ரசீதை எடுத்தால் அச்சு மறைந்து வெள்ளைத் தாளாகியிருந்தது. கடையில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அலமாரிக்கு மேலே வைத்திருந்த பழைய டியூபை இறக்கி மாட்டினேன். இரண்டு முனையும் ஆரஞ்சாகக் கனன்றன, நடுவில் ஒன்றுமில்லை. டியூப் செத்துவிட்டது என்று அரை மணி நேரம் துக்கம் காத்த பிறகுதான் உறைத்தது: டம்மி ஸ்டார்டரை மாற்ற மறந்துவிட்டேன். அதற்குள் இருப்பது வெறும் ஃபியூஸ். கரண்ட் நேராகப் போய் இழைகளைச் சூடாக்கிக்கொண்டே இருக்கிறது, உதைப்பதற்கு ஆளில்லை. அதைத் திருகி எடுத்தேன். எடுத்த அந்த நொடியில் தலைக்கு மேலே பளீரென்று எரிந்தது. பதினான்கு மாதம் பரணில் கிடந்த டியூப்! உண்மையைச் சொன்னால் ஹால் எல்இடி எனக்கு இப்படி ஒரு சந்தோஷத்தைக் கொடுத்ததே இல்லை.

(மாப்ளே, உன் வீட்டிலும் முனை மட்டும் கனன்றால் ஸ்டார்டரைத் திருகி எடுத்துப் பார். டியூப் எரிந்தால் குற்றவாளி ஸ்டார்டர்தான். இரண்டு வெள்ளிகூட ஆகாது.)

இந்த மாதத் தொல்லை வேறு வகை. சில நாள் எரிந்தது, சில நாள் எரியவில்லை. மூன்று கண்ணடிப்பு முப்பதாகியது. புது ஸ்டார்டர் போட்டேன். பலனில்லை. டியூப் முனைகளில் லேசான கறுப்பு இருந்ததால் அதன்மேல் சந்தேகம். மீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்க இழையும் சில ஓம் காட்டியது, அறுபடவில்லை. புது டியூபே வாங்கிப் போட்டேன். அதுவும் அப்படியே. சோக்கில் எப்போதும் இருக்கும் ரீங்காரம் மாறவில்லை. கடைசியில் கோபத்தில் டியூபைக் கழற்ற இலேசாக மேலே தள்ளினேன். எரிந்தது. கையை எடுத்தேன். அணைந்தது.

ஹோல்டர்! டியூபின் இரண்டு முள்ளையும் பிடித்திருக்கும் அந்த வெள்ளை பிளாஸ்டிக். வெள்ளை என்று பழக்கத்தில் சொல்கிறேன், அது நல்லெண்ணெய் நிறத்துக்கு வந்திருந்தது. பத்து வருடக் கடுகுத் தாளிப்பும் நெத்திலிச் சம்பலும் டியூபின் சூடும் சேர்ந்து பிசுக்காகப் படிந்து, உள்ளே தகடு பிடி விட்டிருந்தது. நகத்தால் சுரண்டினால் பிளாஸ்டிக் பிஸ்கோத்து மாதிரி உதிர்ந்தது. முதலில் இதைப் பார்த்திருந்தால் டியூப் காசு மிச்சம்.

ஜாலான் புசார் பக்கம் ஒரு கடையில் ஹோல்டர் ஜோடி மூன்று வெள்ளிக்குக் கிடைத்தது. கடைக்கார அங்கிள் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஸ்டில் யூசிங் ஆ?" என்றார். ஸ்டார்டரும் டியூபும் நாமே மாற்றலாம். ஒயரைத் தொடும் வேலைக்கு உரிமம் உள்ள எலக்ட்ரிஷியன்தான் வர வேண்டும். வந்தவர் பத்து நிமிடத்தில் முடித்தார், அறுபது வெள்ளி வாங்கினார். போகும்போது "இந்தக் காசுக்குப் புது எல்இடி ஃபிட்டிங்கே மாட்டியிருக்கலாம்" என்றார். அதை ஹோல்டரை மாட்டுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

ஆக, கணக்கு இது. பத்து வருடத்தில் நாலைந்து ஸ்டார்டர், இரண்டு டியூப், ஒரு ஜோடி ஹோல்டர். சோக் இன்னும் பழையதுதான். அந்த சோக்கே தன் பங்குக்குச் சில வாட் தின்னும் என்பதால் 36 வாட் என்பது உண்மையில் நாற்பதைத் தாண்டும். எல்இடி அதில் பாதிகூட இல்லை. டியூபுக்குள் பாதரசம் வேறு. உடைந்தால் தொல்லை, குப்பைக்குழாயில் போடக் கூடாது. 2023இல் ஜெனீவாவில் நடந்த, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கைக் கூட்டத்தில் இந்த வகை விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி, இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்த முடிவெடுத்துவிட்டார்கள். போகப்போகத் தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

ஆகவே மாப்ளே, யோசிக்காதே, எல்இடியே வாங்கு. ரசீதை மறக்காமல் போட்டோ எடுத்து வை. உன் பழைய ஃபிட்டிங்கைக் கழற்ற வருபவரிடம் சோக்கையும் ஹோல்டரையும் எறிய வேண்டாம் என்று சொல். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். நல்ல டியூப் இருந்தால் அதுவும்.