பிபி மிஷினும் எடை மிஷினும்: 3 வருசம் வீட்டுல வச்சுப் பாத்த அனுபவம்

கம்பத்துலருந்து கம்பம்மெட்டு வழியா வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப் டிரைவர் நான், வயசு 47. லைசென்ஸ் புதுப்பிக்க மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கப் போனப்பதான் மொதமொதல்ல பிபி பாத்தாங்க, 164/102. தலைவலி இல்ல, கிறுகிறுப்பு இல்ல, அதனால நான் நம்பவே இல்ல. ஒரு கிளினிக்ல மாடிப்படி ஏறுன மூச்சு அடங்குறதுக்குள்ள பட்டைய சுத்திப் பாத்துட்டு மேல் நம்பர் 170ன்னாங்க, இன்னொரு எடத்துல 148. எது நெசம்னு தெரியாமத்தான் 2200 ரூபாய்க்கு மேல்கையில சுத்துற டிஜிட்டல் மிஷினும், கூடவே ஒரு எடை மிஷினும் வாங்குனேன்.

வாங்கப் போறவங்க மொதல்ல கைய அளந்துக்கங்க. கூட வந்த பட்டை 32 செ.மீ. வரைக்கும்தான், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல என் கை 35. பட்டை பத்தலைன்னா பிரஷர் இருக்கறத விட கூடத்தான் காட்டும், இது தெரியாம ரெண்டு மாசம் பதறிக்கிட்டே இருந்தேன். பெரிய பட்டை தனியா வாங்கி மாட்டுனதும் பத்து பாயிண்ட் கிட்ட எறங்குச்சு, ஆனா எறங்கியும் 150தான், அப்பத்தான் எனக்கு நெசமாவே பிபி இருக்குன்னு ஒத்துக்கிட்டேன்.

இப்ப காலைல 5 மணிக்கு எந்திரிச்சு, ஒண்ணுக்குப் போயிட்டு, கட்டஞ்சாயாவும் மாத்திரையும் எடுக்கறதுக்கு முன்னாடி நாற்காலில சாஞ்சு 5 நிமிசம் பேசாம உக்காருவேன். கால் மேல கால் போடக்கூடாது, கை நெஞ்சு உயரத்துல மேசை மேல இருக்கணும், ஒரு நிமிசம் விட்டு ரெண்டு தடவ பாத்து ரெண்டையும் நோட்டுல எழுதிருவேன். வீட்டுல பாக்குறப்ப 135/85க்கு மேல தொடர்ந்து இருந்தா டாக்டர்ட்ட போகணும், ஆஸ்பத்திரில பாத்தா அந்தக் கணக்கு 140/90. டாக்டர் என் நோட்டப் பாத்துத்தான் மாத்திரை அளவையே முடிவு பண்ணாரு.

எடை ஞாயித்துக்கிழமை மட்டும், வெறும் வயித்துல. தெனமும் பாத்தா ராத்திரி சாப்ட்ட உப்புக்கே ஒரு கிலோ ஏறி எறங்கும், மனசு வெறுத்துரும். மிஷின் சமமான சிமெண்ட் தரைல இருக்கணும், பாய் மேல வச்சா தப்பாக் காட்டும். 168 செ.மீ. உயரத்துக்கு 84 கிலோ இருந்தேன், இப்ப 77. நம்ம ஊர் உடம்புக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்குற கணக்கு, 23 தாண்டுனாலே கூடுதல்ங்கறாங்க, எனக்கு இன்னும் 27, அதனால கொறைக்க வேண்டியது நெறைய இருக்கு. குமுளிப் பக்கம் தெனம் சாப்ட்ட பரோட்டாவ விட்டதும், வீட்டுல கருவாடு, ஊறுகாயக் கொறச்சதும்தான் கைகொடுத்துச்சு, ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள்ளதான்.

ஒரு தப்பும் பண்ணேன். 126/80 வந்ததும் சரியாப் போச்சுன்னு நானா மாத்திரைய நிறுத்திட்டேன், இருபதே நாள்ல நோட்டுல 158/98. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வர்ற அக்கா நோட்டப் பாத்துட்டு, "மாத்திர போடுறதுனாலதாண்ணே 126 வந்துச்சு, நிறுத்துனா ஏறத்தான செய்யும்"னு சொல்லி மறுபடி டாக்டர்ட்ட அனுப்புனாங்க. அதுக்கப்பறம் ஒரு நாள் கூட விட்டதில்ல. இந்த மக்களைத் தேடி மருத்துவம் தமிழ்நாடு அரசு 2021ல ஆரம்பிச்ச திட்டம், பிபி, சுகர் பாத்து மாத்திரையும் வீட்டுக்கே கொண்டாந்து குடுக்குறாங்க, தோட்டத்து வேலைக்குப் போற எங்காளுகளுக்கு இது ரொம்பப் பெரிய உதவி, ஆனா அவங்க வர்ற நேரம் பாதிப் பேரு மலைல இருக்கோம்.

அதான் போன வருசத்துலருந்து ஞாயித்துக்கிழமைல ஜீப்ல வர்றவங்களுக்கும் வீட்டுலயே பாத்து விடுறேன். களை வெட்டுற ஒரு அம்மாவுக்கு மூணு தடவயும் 178, 180ன்னே வந்துச்சு, "எனக்கென்னய்யா, நல்லாத்தான இருக்கேன்"னாங்க, நானும் அப்படித்தான் சொன்னேன்னு என் நோட்டோட மொதப் பக்கத்தக் காமிச்சேன். மறுநாள் தோட்டத்துக்குப் போகல, அவங்கள ஏத்திக்கிட்டு நேரா பெரியாஸ்பத்திரிக்கு விட்டேன். இப்ப அவங்க பேர்ல தனியா ஒரு நோட்டு எங்க வீட்டுல இருக்கு, போன ஞாயித்துக்கிழம 138/84.