மண் பாதைக்கு ஆர்எக்ஸ் 100: ஜெட் தேர்வில் என் அனுபவம்

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஒன்றை மண் பாதைக்கென்றே மாற்றிப் பல வருடங்களாக ஓட்டுகிறேன். கட்டை வைத்த டயர், பின்னால் பெரிய ஸ்ப்ராக்கெட், உயர்த்திய சைலன்சர், ஃபோம் ஏர் ஃபில்டர். எஞ்சின் பழைய அதே 98 சிசி டூ ஸ்ட்ரோக், ரீட் வால்வு. டர்ட் பைக் என்று தனியாக ஷோரூமில் கிடைக்காத காலத்தில் நம் ஊர் மண் தடங்களில் இதுவும் சுசுகி ஷோகனும் நிறையவே ஓடின. இப்போது இதைத் தூசு தட்டி எடுப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "மெயின் ஜெட் என்ன நம்பர்?" நான் திருப்பிக் கேட்பது, "ஆக்சிலேட்டரை எவ்வளவு திருகி ஓட்டுவீங்க?"

ஜெட் என்பது கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும், துளையுள்ள சின்னப் பித்தளைத் திருகு. மெயின் ஜெட்டின் வேலை ஆக்சிலேட்டர் முக்கால் பங்கைத் தாண்டிய பிறகுதான். கல்லும் வேருமாக இருக்கும் எஸ்டேட் பாதையில் அந்த இடத்துக்குப் போவதே அபூர்வம். கால் பங்குக்கும் முக்கால் பங்குக்கும் நடுவில் பெட்ரோலை அளந்து கொடுப்பது நீடில் என்ற ஊசியும் அது ஏறி இறங்கும் நீடில் ஜெட்டும். அதற்குக் கீழே, ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடின் அடி வெட்டு. இன்னும் கீழே, ஐடிலிங்கைக் கவனிக்கும் ஸ்லோ ஜெட், அதற்குப் போகும் காற்றை அளக்கும் ஏர் ஸ்க்ரூ. மண்ணில் வண்டி நம் சொல் கேட்பதும் கேட்காததும் இந்தக் கீழ்ப்பாதியில்தான் தீர்மானமாகிறது.

ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப், பக்கத்திலுள்ள ஸ்விட்ச் டப்பாவில் இன்னொரு துண்டு. பேனாவால் கால், அரை, முக்கால் என்று கோடு. இதை ஒட்டிக்கொண்டு ஓட்டினால், வண்டி திணறுவது எந்தக் கோட்டில் என்று கண்ணுக்கே தெரியும். அரைக் கோட்டில் திணறும் வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஜெட்டில் கை வைக்கும் முன் வேறு சில வேலைகள் உண்டு. இன்டேக் ரப்பரில் வெடிப்பு, கிராங்க் ஆயில் சீலில் கசிவு, கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் அளவைக் காக்கும் ஃப்ளோட்டின் மட்டம் தவறியிருப்பது. முதல் இரண்டும் வெளிக்காற்றை உள்ளே இழுத்து, ஜெட் சிறிதாக இருப்பதுபோலவே நடிக்கும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் சத்தம் உடனே இறங்காமல் மேலேயே நின்றால் முதல் சந்தேகம் அங்கேதான். இதைச் சரிசெய்யாமல் பெரிய ஜெட் போடுவது நோயை மூடி வைப்பதுதான்.

அப்புறம் என் வரிசை இது. மெயின் ஜெட்டை முதலில் கம்பெனி அளவைவிட இரண்டு படி பெரிதாகப் போட்டு எஞ்சினைக் காப்பாற்றிக்கொள்வேன். ஃபில்டரும் சைலன்சரும் மாறிய வண்டிக்கு இது அவசியம். லீனாக, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று கூடிய கலவையில், ஓடும் டூ ஸ்ட்ரோக், பிஸ்டனைச் சூடாக்கி இறுகப் பிடித்துக்கொள்ளும். ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக, இருந்தால் புகையும் அடைசலான சத்தமும்தான், எஞ்சினுக்கு ஆபத்தில்லை. அடுத்தது ஸ்லோ ஜெட். சூடான எஞ்சினில் ஏர் ஸ்க்ரூவை மெதுவாகத் திருப்பி ஐடிலிங் அதிகமாக ஏறும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அது ஒன்றிலிருந்து இரண்டு சுற்றுக்குள் வந்தால் சரி. அரைச் சுற்றுக்குள்ளேயே வந்துவிட்டால் ஸ்லோ ஜெட் சிறிது. மூன்று சுற்றுப் போனால் பெரிது. இந்த வண்டியின் மிக்குனி கம்பெனி கார்ப்பரேட்டரில் ஏர் ஸ்க்ரூவை வெளியே திருப்பினால் லீன். சில கார்ப்பரேட்டர்களில் எஞ்சின் பக்கம் இருக்கும் ஸ்க்ரூ பெட்ரோலுக்கானது, அதில் எல்லாம் தலைகீழ்.

கடைசியாக நீடில். நீடிலின் மேல்பகுதியில் உள்ள காடிகளில் (சிறு பள்ளங்களில்) மாட்டியிருக்கும் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் நீடில் மேலே ஏறும், கலவை ரிச் ஆகும். பைசா செலவில்லாத இந்த ஒரு காடிதான் என் வண்டியில் பெரிய மாற்றத்தைக் கொடுத்தது. முன்பு மேட்டில் பாதி ஏறி, கால் பங்கிலிருந்து சட்டென்று திருகினால் ஒரு நொடி மூச்சு முட்டும். பின் சக்கரம் பிடியை விட்டுவிடும். இப்போது அதே மேட்டில் கிளட்ச்சைத் தொடாமல் ஏறுகிறது.

ஜெட் வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கடையில் வாங்கிய இரண்டு ஜெட்டுகளில் ஒரே எண் அடித்திருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஒன்றின் துளை வழவழவென்று வட்டமாக இருந்தது; மற்றதன் விளிம்பில் பித்தளைப் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட ஜெட்டை வைத்துக்கொண்டு டியூனிங் செய்ய முடியாது. அசல் மிக்குனி ஜெட்டில் சதுரத்துக்குள் சதுரமாக ஒரு சின்ன முத்திரை இருக்கும், அதைப் பாருங்கள். வேறு கம்பெனி ஜெட்டின் எண்ணை மிக்குனி எண்ணோடு ஒப்பிடவும் வேண்டாம். அளக்கும் முறையே வேறு.

மலைக்குப் போகும்போது என்ன செய்வது? கோவை சுமார் 400 மீட்டர், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் ஊட்டியில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் கலவை ரிச் ஆகும். ஆனால் ஜெட்டை அந்த அளவுக்குக் குறைக்கக் கூடாது. காற்று மெலிந்தால் அது இழுக்கும் பெட்ரோலும் ஓரளவு தானாகவே குறைந்துவிடும். ஜெட்டில் பத்து சதவீதம் குறைத்தால் தாராளம். ஊட்டிக் குளிர் காற்றை மறுபடி அடர்த்தியாக்குவதால் அதிகாலையில் அதுகூடத் தேவைப்படாது. ஒரு நாள் பயணமென்றால் நான் மெயின் ஜெட்டைத் தொடுவதே இல்லை. கிளிப்பை ஒரு காடி ஏற்றிவிட்டுப் போவேன், இறங்கும் முன் மறக்காமல் பழைய காடிக்கு மாற்றிவிடுவேன்.

இப்போது பங்க்கில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இன்னொரு கணக்கைச் சேர்த்துவிட்டது. ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு இன்னும் கொஞ்சம் அதிகப் பெட்ரோல் வேண்டும்; ஜெட்டை மாற்றாமலேயே வண்டி லீன் ஆகிவிடும். பழைய புத்தகத்தில் உள்ள எண்ணை இன்று அப்படியே போடுபவர்கள் ஒரு படி மேலே வைத்துத் தொடங்குவது நல்லது. சில வாரம் ஓட்டாமல் நிறுத்துவதாக இருந்தால் கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து பெட்ரோலை வடித்துவிடுங்கள். அடைப்பு முதலில் விழுவது ஸ்லோ ஜெட்டில்தான். அதன் துளை தலைமுடி நுழையும் அளவுக்கே இருக்கும்.