ஊட்டியில் அமெரிக்க டாக் ஷோ டிக்கெட் விற்கிறார்கள், வாங்காதீர்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம், பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிற பெற்றோர் எல்லோரும் இதை முழுசாகப் படியுங்கள். நியூயார்க்கில் ஜிம்மி ஃபாலன் நடத்தும், நடிகர்களை அழைத்துப் பேச வைக்கிற டுநைட் ஷோ என்ற டிவி நிகழ்ச்சியை நேரில் பார்க்க டிக்கெட் வாங்கித் தருகிறேன் என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அந்த டிக்கெட் இலவசம். லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கும் ஜிம்மி கிம்மெல் நிகழ்ச்சிக்கும் அப்படித்தான்.

என் அக்கா குன்னூரில் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நியூயார்க்கில் ராத்திரி 11.35-க்கு டுநைட் ஷோ ஒளிபரப்பாகும்போது, அவர்களுடைய கோடை நேரக் கணக்கில் நமக்குக் காலை 9.05. அதன் துண்டுகள் யூடியூபில் வந்ததும் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை, எந்த நடிகை என்ன கதை சொல்லிச் சிரிக்க வைத்தார் என்று அத்தானுக்கு வரி பிசகாமல் சொல்வார். மகள் நியூஜெர்சியில் வேலை பார்க்கிறாள், செப்டம்பரில் இரண்டு பேரும் போவதாக முடிவானது. ஊட்டி சேரிங்கிராஸ் பக்கம் விமான டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜெண்ட், அக்காவின் பேச்சிலிருந்தே இந்த ஆசையைப் பிடித்துக்கொண்டான். "டீச்சர், கெஸ்ட் யாருன்னு முன்னாடியே லிஸ்ட் நம்ம கைக்கு வந்துடும், ஷோ முடிஞ்சதும் ஸ்டாரோட நின்னு போட்டோ எடுத்துக்கலாம், பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, சர்ப்ரைஸா இருக்கட்டும்" என்றானாம். அந்தக் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். அங்கேயே இருக்கிற பெண்ணிடம் ஒரு வார்த்தை போயிருந்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் வெளியே வந்திருக்கும், அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஆளுக்கு 14,000 ரூபாய், மூன்று பேருக்கு 42,000. பளபளவென்று ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை, இரவு 11.35, ராக்ஃபெல்லர் பிளாசா 30 என்று அதில் இருந்தது. விலாசம் மட்டும்தான் நிஜம்.

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு, பட்டுப்புடவை கட்டி, மகளையும் அழைத்துக்கொண்டு போய் நின்றிருக்கிறார்கள். காவலாளி தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்றைக்குப் படப்பிடிப்பே கிடையாது, எங்கள் டிக்கெட்டை நாங்கள் விற்பதும் இல்லை என்று பொறுமையாகவே சொல்லியிருக்கிறார். அந்த நடைபாதையில் அக்கா அழுததை மகள் போனில் சொன்னபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. 63 வயதுப் பெண்மணி, வாழ்நாளில் தனக்கென்று கேட்ட ஒரே ஆடம்பரம் அது.

இனி, உண்மையில் அங்கே எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், அப்போது யாராலும் ஏமாற்ற முடியாது. இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்கு லேட் நைட் ஷோ என்று பெயர் இருந்தாலும் ராத்திரி யாரும் மேடையில் உட்கார்ந்து பேசுவதில்லை, சாயங்காலமே பதிவு செய்து ராத்திரி ஒளிபரப்புகிறார்கள். அதனால் 11.35-க்கு வாருங்கள் என்று எழுதியிருந்தால் அந்தத் தாள் போலி. டுநைட் ஷோ 2024-லிருந்து வாரத்தில் நான்கு நாள்தான் புதிதாக வருகிறது, வெள்ளிக்கிழமை மறுஒளிபரப்பு. டிக்கெட்டை ஒன் அயோட்டா என்ற இணையதளத்தில் நீங்களே உங்கள் பெயரில் கேட்க வேண்டும், வாசலில் அடையாள அட்டை பார்ப்பார்கள், 16 வயதுக்குக் கீழே இருந்தால் அனுமதி இல்லை, இன்னொருவருக்கு மாற்றவும் முடியாது. அது கையில் இருந்தாலும் உள்ளே போவது உறுதி இல்லை, ஏனென்றால் வராமல் போகிறவர்களைக் கணக்கில் வைத்து இருக்கைகளைவிட அதிகமாகவே கொடுக்கிறார்கள். காசு வாங்காததற்கும் காரணம் இருக்கிறது. சேனலுக்கு வருமானம் விளம்பரத்தில், அரங்கில் அவர்களுக்கு வேண்டியது நிறைந்த இருக்கையும் சிரிப்புச் சத்தமும்தான்.

நட்சத்திரம் விஷயத்துக்கு வருவோம், அக்காவை வீழ்த்தியது அதுதானே. அந்த நடிகர்கள் பெரும்பாலும் தங்கள் புதுப்படத்தையோ தொடரையோ பற்றிப் பேச வருகிறவர்கள். என்ன கதை சொல்வது என்பதை நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் ஒருவர் முன்கூட்டியே போனில் பேசி வைத்துக்கொள்வார், கடைசி நேரத்தில் விருந்தினர் மாறுவதும் சகஜம். ஆகவே இன்னார் வருவார் என்று மாதக்கணக்கு முன்னால் இங்கே உட்கார்ந்து ஒருவன் உத்தரவாதம் கொடுப்பது பச்சைப்பொய். பதிவின்போது பார்வையாளர்கள் போனை எடுக்கக் கூடாது, பேசி முடித்த நட்சத்திரம் திரைக்குப் பின்னால் போய்விடுவார், ஜனங்களோடு வரிசையில் நின்று படம் எடுக்கிற ஏற்பாடெல்லாம் கிடையாது.

திரும்பி வந்து கேட்டதற்கு, அந்த ஏஜெண்ட் முதலில் நியூயார்க் பார்ட்னர் மேல் பழி போட்டான், அப்புறம் போனை எடுக்கவில்லை, நேரில் போனால் பணத்துக்குப் பதில் கொடைக்கானலில் இரண்டு ராத்திரி காட்டேஜ் தருகிறேன் என்று ஒரு காகிதத்தை நீட்டினான். அத்தான் அந்தக் காகிதத்தை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார், சரியாகத்தான் செய்தார். இதே டிக்கெட் விளம்பரம் அந்தக் கடை வாசலில் இன்றும் தொங்குகிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இவனிடம் கொடுத்து ஏமாந்தவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வையுங்கள். ஜிபேயிலோ வங்கி வழியாகவோ அனுப்பியிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், தாமதமானால் பணத்தை முடக்குவது கஷ்டம். நுகர்வோர் உதவிக்கு 1915. ஊட்டியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே மனு கொடுக்க முடியும். நாங்கள் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம், சேர விரும்புகிறவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.