பாட்டி சாத்திய ஜன்னல்: சிங்காரமா, ஆர்வெல்லா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் பாட்டி 'கம்யூனிஸ்ட்' என்ற சொல்லை எடுக்குமுன் ஜன்னலைச் சாத்துவார். காட்டுக்குள் இருந்து போராடிய கம்யூனிஸ்ட்களை ஒடுக்க பிரிட்டிஷார் கொண்டுவந்த அவசரகாலம் 1960-லேயே முடிந்துவிட்டது. நான் பார்த்தது அதற்கு முப்பது வருடம் கழித்து. பயத்தைப் பற்றிய நாவல் எதுவானாலும் அந்த ஜன்னலை வைத்துத்தான் எடைபோடுவேன்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் பயம் நடுத்தெருவில் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சுமத்ராவின் மெடான் நகருக்குள் நுழைந்ததும், கொள்ளையடித்தவர்களின் தலைகளை வெட்டிப் பார்வைக்கு வைக்கிறார்கள். ஊர் கப்சிப். அப்புறம்? கடை திறக்கிறது, யாவாரம் நடக்கிறது, ஆட்கள் கிண்டலும் கதையுமாகப் பேசித் தீர்க்கிறார்கள். வாள் யார் கையில், எப்போது ஒதுங்கணும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட '1984'-இல் வாளுக்கு வேலையே குறைவு; ஒரே கட்சி எல்லாவற்றையும் வேவு பார்த்து ஆளும் கற்பனை நாடு அது, தலைவர் பெயர் 'பெரியண்ணன்'. பார்சன்ஸ் என்றொரு அப்பாவி, தூக்கத்தில் 'பெரியண்ணன் ஒழிக' என்று உளறுகிறான். ஏழு வயது மகள் சாவித்துவாரத்தில் கேட்டுவிட்டு, மறுநாளே ரோந்துக்காரர்களிடம் சொல்லிவிடுகிறாள். சிறையில் உட்கார்ந்துகொண்டு அவளைக் கெட்டிக்காரி என்று மெச்சுகிறான் மனுஷன்! பாட்டியின் ஜன்னல் எனக்கு விளங்கியது இந்த இடத்தில்தான். ஆர்வெல் 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். அதிகாரத்தின் பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறார்.

ஆனால் அவரோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. அவர் நாவலில் வரும் நாட்டில் நூற்றுக்கு 85 பேர் உழைப்பாளிகள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் கண்காணிப்புத் திரைகூடக் கிடையாது. அவர்களைக் கட்சி ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. எங்கள் ஊரில் நடந்தது நேர்மாறு. 1948 ஜூன் 16-இல் இங்கே மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது. அதற்குப் பிறகு கேட்டில் நிறுத்திச் சோதிக்கப்பட்டவர்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர்கள்தான். காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். பாட்டியின் தூக்குச்சட்டியைத் திறந்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

சிங்காரத்திடமும் லயத்துச் சனம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த கூலிச் சனம், அதிகமில்லை, சரி. அவருடையது செட்டியார் வட்டிக்கடைகளின் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் உலகம். ஆனாலும் பயந்தவன் பேசுகிற தமிழ், சிரிக்கிற சிரிப்பு அவரிடம்தான் இருக்கிறது. முதலில் அவரைப் படியுங்கள். ஆர்வெல்லின் மூன்றாம் பாகத்தை மட்டும் ராத்திரியில் தொடங்காதீர்கள், எலி வரும்.