பின்னறைக்கு வைஃபை: ரிப்பீட்டரா, கேபிளா?

கல்லடியில் எங்கள் வளவில் முன்வீட்டுக்கும், மகளுக்கென்று பின்னால் கட்டிய அறைகளுக்கும் இடையே ஏறக்குறைய 20 மீற்றர் தூரமும் மூன்று சுவர்களும் இருக்கின்றன. ஃபைபர் இணைப்பின் ரவுட்டர் முன்விறாந்தையை ஒட்டி இருப்பதால், பின்னறையில் பேத்தியின் சூம் வகுப்பு தொடங்கினால் முன்னால் நான் பார்க்கும் செய்தி நின்று நின்று ஓடும். இதற்காக ஒரு வருடம், ரவுட்டரின் சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டர் ஒன்றை வைத்திருந்தேன். கடந்த எட்டு மாதங்களாகக் கேபிள் இழுத்து இரண்டாவது ரவுட்டர் வைத்திருக்கிறேன். என் சாய்வு கேபிளின் பக்கம்.

விலையிலும் சுலபத்திலும் ரிப்பீட்டரே முந்தும். சுவர்ப் பிளக்கில் செருகிப் பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. கேபிளுக்கோ சுவரைத் துளைக்க வேண்டும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது நேரக் கணக்கு. வைஃபையில் கருவிகள் உண்மையில் பங்கிட்டுக்கொள்வது நேரத்தைத்தான். ஒரு சனலில், அதாவது கருவிகள் பேசிக்கொள்ளும் ஓர் அலைப்பாதையில், ஒரு நேரத்தில் ஒரு கருவியே பேச முடியும். மற்றவை கேட்டுக்கொண்டிருந்து, ஓய்ந்ததும் முறை எடுக்கின்றன. முறை சமமாகக் கிடைத்தாலும் ஒவ்வொன்றும் பிடிக்கும் நேரம் சமமாவதில்லை. தரவு துண்டு துண்டாக, பொதிகளாகச் செல்கிறது. 1500 பைட் கொண்ட ஒரு பொதியைச் செக்கனுக்கு 54 மெகாபிட் வேகத்தில் அனுப்ப ஏறக்குறைய 0.22 மில்லிசெக்கன் போதும். சிக்னல் மங்கி 6 மெகாபிட்டுக்கு இறங்கிய கருவிக்கு அதே பொதிக்கு 2 மில்லிசெக்கன், அதாவது ஒன்பது மடங்கு, தேவைப்படும். பின்னறையில் மூன்று சுவர்களுக்கு அப்பால் தவிக்கும் மருமகனின் பழைய போன், ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் என் மடிக்கணினியின் நேரத்தையும் தின்றுகொண்டிருந்தது இப்படித்தான்.

ரிப்பீட்டர் அந்தப் போனுக்கு நல்ல சிக்னல் கொடுத்தது உண்மை. ஆனால் அது ரவுட்டரிடம் கேட்டதை அதே சனலில் மறுபடி சொல்வதால், ஒவ்வொரு பொதியும் காற்றில் இரண்டு முறை செல்கிறது. மிகச் சிறந்த நிலையிலும் பாதி வேகமே மிஞ்சும். போனில் தெரியும் முழுக் கோடுகளும் ஏமாற்றும்: அவை ரிப்பீட்டர் வரையான தூரத்தைத்தான் காட்டுகின்றன, ரிப்பீட்டர் ரவுட்டரை எப்படிக் கேட்கிறது என்பதைக் காட்டுவதில்லை. ரவுட்டருடன் 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையிலும் போனுடன் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையிலும் பேசும் ரிப்பீட்டர்களுக்கு இந்தக் குறை குறைவு. ஆயினும் எங்கள் சுவர்களைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹேர்ட்ஸ் சோர்ந்துவிடுகிறது.

கேபிள் இழுத்தபின் பின்னறைக்குத் தனிச் சனல் கிடைத்தது. 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 என்பதால் முன்னால் 1, பின்னால் 11 என வைத்தேன். இப்போது இரு பக்கத்துக்கும் தனித்தனி நேரம். புதிதாக ரவுட்டர் வாங்கவில்லை, லாச்சியில் கிடந்த பழைய ரவுட்டரில் டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) நிறுத்தி, கேபிளை வெளி இணைப்புக்கான வான் (WAN) துளையில் செருகாமல் வீட்டுக் கருவிகளுக்கான லான் (LAN) துளையில் செருகினேன். முதல் நாள் இதை மாற்றிச் செருகிவிட்டு அரை மணித்தியாலம் விழித்தது தனிக்கதை. கேட் 6 வகை வலையமைப்புக் கேபிள் 100 மீற்றர் வரை ஒரு கிகாபிட் தாங்கும் என்பதால் 20 மீற்றர் ஒரு பொருட்டல்ல. ஒரு குறை: இரு ரவுட்டர்களின் வைஃபைக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால், பின்னறைக்கு நடந்து வந்த பிறகும் போன் முன் ரவுட்டரையே பிடித்துத் தொங்குகிறது. முன் ரவுட்டரின் சக்தியைச் சற்றுக் குறைத்ததில் இது பெரும்பாலும் தீர்ந்தது.

ஒரே முறையில் பல கருவிகளுக்குச் சனலைக் கூறுபோட்டுக் கொடுக்கும் வைஃபை 6 ரவுட்டர்களை நான் வீட்டில் வைத்துப் பார்த்ததில்லை. கருவிகளும் அதை ஆதரித்தால்தான் அந்தப் பயன் கிடைக்கும். எங்கள் போன்களில் பாதி பழையவை.

பராமரிப்பைப் பற்றி எட்டு மாத அனுபவத்தை வைத்து உறுதியாகப் பேச எனக்குத் தயக்கம். உப்புக்காற்றில் செம்பு ஊசிகள் பச்சை பூக்கும் என்பதால், கேபிளைப் பிவிசி குழாய்க்குள் விட்டு, முனைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். ஃபைபர் மின்னலைக் கடத்தாது. வளவைக் கடந்து செல்லும் செம்புக் கேபிள் கடத்தும். ஆகவே ஐப்பசியில் இடி முழங்கத் தொடங்கினால் இரு முனைகளையும் கழற்றிவிடுகிறேன்; அந்த மாலைகளில் பேத்தி கொப்பியுடன் முன்வீட்டுக்கு வந்துவிடுவாள்.