வார்ஃப்ரேம் ஆடுகிறவர்களே, பாதி விலைப் பிளாட்டினம் பக்கம் போகாதீர்கள்

"சீப் பிளாட், இன்ஸ்டன்ட் டெலிவரி, யுபிஐ மட்டும்" என்று போட்டு வார்ஃப்ரேம் விளையாட்டுக்குள் புழங்கும் காசான பிளாட்டினத்தை விற்கும் டெலிகிராம் குழு எதிலிருந்தும் வாங்க வேண்டாம். பணத்தை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் சொல்லவில்லை. சொன்ன நேரத்தில் சொன்ன அளவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். வினையே அந்தச் சரக்கில்தான் இருக்கிறது. அக்கா மகனுக்கு நான் வாங்கிக் கொடுத்து, அவனுடைய கணக்கே முடங்கிப்போனது. பிள்ளைகள் இந்த விளையாட்டை ஆடுகிற வீட்டுப் பெரியவர்களும் படிக்கட்டும் என்று கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

வார்ஃப்ரேம் கனடாவின் டிஜிட்டல் எக்ஸ்ட்ரீம்ஸ் நிறுவனம் 2013இல் வெளியிட்ட இலவச ஆன்லைன் விளையாட்டு. நம் சூரியக் குடும்பத்தின் கோள்கள்தான் களம், கதை மட்டும் வெகு தொலைவான எதிர்காலத்தில் நடக்கிறது. நாலு பேர் வரை சேர்ந்து போய்ச் சுடலாம், வாள் வீசலாம், சுவரில் ஓடலாம். நாம் அணிந்து ஆடும் கவச உருவத்துக்கும் வார்ஃப்ரேம் என்றுதான் பெயர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சக்தி. ஆயுதத்தையும் கவசத்தையும் மாட் என்ற மேம்பாட்டு அட்டைகளைப் போட்டுப் போட்டு மெருகேற்றிக்கொண்டே போகலாம், முடிவே கிடையாது.

உள்ளே இரண்டு வகைக் காசு புழங்குகிறது. கிரெடிட் ஆட ஆடக் கிடைக்கும். பிளாட்டினத்தை நிஜப் பணம் கொடுத்து வாங்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆட்டக்காரரிடம் பொருளை விற்றுச் சம்பாதிக்க வேண்டும். புதுக் கணக்குக்கு 50 பிளாட்டினம் தருவார்கள், அதைக் கைமாற்ற முடியாது. புது வார்ஃப்ரேமை வைக்க ஒரு இடம் வேண்டுமென்றால் 20 பிளாட்டினம். வார்ஃப்ரேமில் கூடுதல் மாட் போட உதவும் ஒரோகின் ரியாக்டர் இன்னொரு 20. ஆசைப்பட்ட நிறங்கள், தோளில் தொங்கும் சயந்தானா என்ற அலங்காரம் என்று போனால் எவ்வளவு இருந்தாலும் பத்தாது. விளையாட்டின் சொந்தக் கடையில் 1000 பிளாட்டினத்தின் வழக்கமான விலை 49.99 டாலர், அதாவது நம் ஊர்ப் பணத்தில் நாலாயிரத்துக்கு மேல்.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடித்த பையன் கேட்டது இதைத்தான். "மாமா, எனக்கு டிரெஸ் எல்லாம் வேணாம், பிளாட் வாங்கிக் குடுங்க." நானும் வார்ஃப்ரேம் ஆடுகிறவன்தான். அவன் ஸ்கூல் நண்பர்கள் வாங்குகிற குழு ஒன்று இருப்பதாகச் சொல்லி லிங்க் அனுப்பினான்.

விற்பவன் ஆயிரத்துக்கு 1,800 ரூபாய் கேட்டான். எப்படி இவ்வளவு குறைவு என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில் ஆட்டம் தெரிந்த எவரும் நம்புகிற பதில். வார்ஃப்ரேமில் தினமும் லாகின் செய்கிறவர்களுக்கு எப்போதாவது அதிர்ஷ்டமாகப் பிளாட்டினத்துக்கான தள்ளுபடிக் கூப்பன் விழும். 20 சதவீதம், 50 சதவீதம், அரிதாக 75 சதவீதம்கூட உண்டு. "ப்ரோ, எனக்கு 75 விழுந்துச்சு. பெரிய பேக்கா எடுத்துட்டேன், நாலு பேருக்குப் பிரிச்சுக் குடுக்குறேன்." 199.99 டாலர் விலையுள்ள 4300 பிளாட்டினப் பேக்கை அந்தக் கூப்பனில் எடுத்தால் கிட்டத்தட்ட 50 டாலர்தான் ஆகும். ஆயிரத்துக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம் அடக்கம், அவன் 1,800க்கு விற்கிறான், நியாயமான லாபம். கணக்குப் பிசிறில்லாமல் ஒத்துப்போனது.

ஆனால் அந்தக் கூப்பன் ஒரே ஒரு கொள்முதலுக்குத்தான் செல்லும். அதுவும் விழுந்த பிறகு சீக்கிரமே காலாவதியாகிவிடும். ஆண்டு முழுக்க ஆடுகிறவருக்கே விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் விழும். அந்தக் குழுவிலோ காலை, மாலை, ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் "ஸ்டாக் அவைலபிள்" ஓடுகிறது. கூப்பனை நம்பி யாரும் தினசரி கடை நடத்த முடியாது. குழுவில் மேலே ஸ்க்ரோல் செய்து தேதிகளை மட்டும் பாருங்கள், இது ஒன்றே போதும்.

கைமாற்றம் நடந்தது செவ்வாய்க் கோளில் இருக்கும் மரூஸ் பஜாரில். ஆட்டக்காரர்கள் நேருக்கு நேர் பொருள் மாற்றிக்கொள்ளும் சந்தை அது. பையன் ஆடும்போது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சந்தையில் இருக்கிறவர்கள் எல்லாம் இறக்கை, கொம்பு, ஒளிரும் கவசம் என்று திருவிழாவுக்கு வந்த மாதிரி அலங்காரத்தில் நிற்பார்கள். எங்களிடம் வந்த ஆள் ஒரு வெறும் எக்ஸ்காலிபர். ஆட்டத்தைத் தொடங்கும் அன்று கொடுப்பார்களே, அதே உருப்படி, நிறம்கூட மாற்றாமல். ஆட்டக்காரரின் படிநிலையைக் காட்டும் மாஸ்டரி ரேங்க் 2. கைமாற்றம் செய்யவே அந்த 2 வேண்டும் என்பது விதி, அதற்கு மேல் ஒரு படிகூட ஏறாத கணக்கு. டெலிகிராமில் பேசியவனின் பெயருக்கும் இந்தக் கணக்கின் பெயருக்கும் சம்பந்தமே இல்லை, ஏதோ எழுத்தும் எண்ணும் கலந்த குப்பை. "ஏதாச்சும் ஒரு மாட் வைங்க ப்ரோ" என்றான். பையன் ஒன்றுக்கும் உதவாத ஒரு மாடை வைக்க, எதிர்ப்பக்கம் 1000 பிளாட்டினம் வந்து உட்கார்ந்தது. இரண்டு பேரும் ஒப்புதல் அழுத்தியதும் ஆள் மாயம்.

தன் கவசத்துக்கு நிறம் வாங்கக்கூட ஒரு பிளாட்டினம் செலவழிக்காத ஒருவன் ஆயிரத்தைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு வருகிறான் என்றால், அந்தக் கணக்கு ஆடுவதற்காகத் திறக்கப்பட்டதே இல்லை.

சில வாரம் கழித்து ஃபோன். "மாமா, உள்ளயே போக முடியல. பேலன்ஸ் மைனஸ்னு மெயில் வந்திருக்கு." உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டோம். அந்தப் பிளாட்டினம் வாங்கப்பட்ட பணம் கார்டுக்காரருக்குத் திரும்பிப் போய்விட்டது, அதனால் பிளாட்டினத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டோம், அதில் ஏற்கெனவே செலவானது கடனாக நிற்கிறது என்று பதில் வந்தது. வெளியாளிடம் பணம் கொடுத்துப் பிளாட்டினம் வாங்குவது அவர்களின் விதிப்படி தடை என்பதையும் சொல்லியிருந்தார்கள். மரியாதையான பதில்தான், அவர்கள் பக்கம் குறை சொல்ல எதுவுமில்லை.

உள்ளே நடப்பது இதுதான். எங்கோ வெளிநாட்டில் ஒருவருடைய கிரெடிட் கார்டு எண் திருட்டுப் போகிறது. அந்த எண்ணை வைத்து, புதிதாகத் திறந்த வார்ஃப்ரேம் கணக்கில் பிளாட்டினம் வாங்குகிறார்கள். அது அங்கேயே இருந்தால் மாட்டிக்கொள்ளும் என்பதால் உடனே நம்மிடம் தள்ளிவிட்டு, பதிலுக்கு யுபிஐயில் சுத்தமான ரூபாயை வாங்கிக்கொள்கிறார்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதை, உடைப்பதற்கும் நம்மிடமே காசு வாங்கிக்கொண்டு. கார்டுக்குச் சொந்தக்காரர் பில்லைப் பார்த்து "இது நான் வாங்கியது இல்லை" என்று வங்கியில் சொன்னதும் பணம் அவருக்குத் திரும்புகிறது. விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இப்படி முறையிட 120 நாள் வரை அவகாசம் உண்டு. விளையாட்டு நிறுவனம் தன் பதிவேட்டில் அந்தப் பிளாட்டினம் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது என்று பின்தொடர்ந்து வந்து, கடைசியாக நிற்கிற இடத்தில் கழித்துவிடுகிறது. எக்ஸ்காலிபர் கணக்கை அவன் எப்போதோ கைகழுவியிருப்பான். கடைசியாக நிற்கிறவன் பரீட்சை முடித்த நம் பையன்.

இப்போது குழுவின் விதிமுறையைப் படியுங்கள். மேலே பின் செய்து வைத்திருந்தார்கள்: "7 நாள் வாரண்டி. 7 நாளுக்குள் பிளாட் போனால் ரீஃபண்ட்." வாங்கும்போது இது நம்பிக்கை தருகிற வரியாகத்தான் தெரிந்தது. மாத பில் வந்து, பார்த்து, வங்கியில் சொல்லி, அது நிறுவனத்துக்குப் போய்ச் சேர ஏழு நாளா ஆகும்? பிரச்சினை எப்போது வரும் என்று நன்றாகத் தெரிந்தவன்தான் இப்படி ஒரு வாரண்டியை எழுத முடியும். குழுவில் குவிந்து கிடந்த "காட் இட் ப்ரோ, லெஜிட் செல்லர்" பாராட்டுகளும் அப்படித்தான். பெரும்பாலும் உண்மையான ஆட்கள் எழுதியவையாகவே இருக்கும். எல்லாமே பிளாட்டினம் கைக்கு வந்த அதே மணி நேரத்தில் எழுதியவை. மைனஸ் ஆன பிறகு எழுதப் போனவர்களுக்கு என்ன ஆகும் என்பதை நானே பார்த்தேன். "டீல் முடிஞ்சுது ப்ரோ, வாரண்டி ஓவர்" என்று ஒரே வரி, அடுத்த நிமிடம் குழுவிலிருந்து நீக்கம்.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுத்தேன், தேசிய சைபர் குற்றத் தளத்திலும் பதிந்தேன். பேசிய காவலர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"பணம் குடுத்தீங்க. பொருள் வந்துச்சா சார்?"

"வந்துச்சு சார்."

"அப்புறம்?"

அந்த "அப்புறம்?"தான் இந்த மோசடியின் பலமே. பணம் போன சில மணி நேரத்தில் 1930க்குச் சொன்னால் வங்கிகளில் அதை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. இங்கே நமக்கு விஷயம் தெரிவதே பணம் நாலு கை மாறிய பிறகுதான். யுபிஐயில் பணம் அனுப்பியபோது திரையில் வந்த பெயரும் விற்றவனுடையது இல்லை. யாரோ ஒரு பெண்ணின் பெயர், வேறு மாநிலம். வாடகைக்குக் கொடுக்கப்பட்ட வங்கிக் கணக்காக இருக்கலாம் என்றார் காவலர். திருடிய கார்டில் வாங்கியதை விற்றிருக்கிறான் என்று எழுத்தில் விளக்கி, உதவிப் பிரிவின் மெயிலையும் இணைத்த பிறகுதான் புகார் எண் கிடைத்தது. அந்த மெயில் இல்லாமல் போயிருந்தால் என்ன பதிந்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

இதோடு முடியவில்லை. பையன் தன் நண்பர்கள் இருக்கும் டிஸ்கார்டு அரட்டைக் குழுவில் புலம்பியிருக்கிறான். மறுநாளே ஒருவன் தனிச்செய்தியில் வந்து, தான் நிறுவனத்தின் ஆள் என்றும், மைனஸை நீக்கித் தர 500 ரூபாயும் மெயிலுக்கு வரும் குறியீடும் போதும் என்றும் கேட்டான். அந்தக் குறியீடு கணக்கின் இரட்டைப் பூட்டுக்கான சாவி. கொடுத்திருந்தால் கணக்கு மொத்தமாகக் கைமாறியிருக்கும். நல்ல வேளையாகப் பையன் என்னிடம் கேட்டான். நிறுவனத்தின் ஆட்கள் யாரும் டிஸ்கார்டில் வந்து பாஸ்வேர்டோ குறியீடோ கேட்க மாட்டார்கள், உதவிப் பிரிவில் டிக்கெட், அதாவது புகார், போட்டால் அதே டிக்கெட்டில்தான் பதில் வரும். முதலில் ஏமாற்றியவனும் இவனும் கூட்டாளிகளாகத்தான் இருப்பார்கள் என்பது என் சந்தேகம், நிரூபிக்க எதுவும் கையில் இல்லை.

நியாயமான வழிகள் இருக்கின்றன. விளையாட்டுக்குள் உள்ள கடையிலோ ஸ்டீமிலோ நேரடியாக வாங்கலாம். ஸ்டீம் நம் ஊரில் ரூபாயிலேயே விலை காட்டுகிறது. 75 சதவீதக் கூப்பன் உங்கள் கணக்கிலேயே விழும்வரை காத்திருந்து வாங்கினால் இந்தக் குழுக்களின் விலையைவிட மலிவு. காசே போடாத வழியும் உண்டு. ஆட்டத்தில் கிடைக்கும் வாய்ட் ரெலிக் என்ற பேழையை உடைத்தால் பிரைம் எனப்படும் உயர்வகை வார்ஃப்ரேம், ஆயுதங்களின் பாகங்கள் கிடைக்கும், அவற்றைச் சந்தையில் பிளாட்டினத்துக்கு விற்கலாம். பழைய ஆட்டக்காரர்கள் பலர் இப்படித்தான் காலம் ஓட்டுகிறார்கள். இது விதிப்படி முழுக்க அனுமதிக்கப்பட்டது, ஏனென்றால் நிஜப் பணம் எங்கும் கைமாறவில்லை. விற்கும்போதும் வாங்கும்போதும் கைமாற்றப் பெட்டியில் வந்திருக்கும் பொருளை ஒரு முறை தொட்டுப் பாருங்கள். முழுசாக ரேங்க் ஏற்றிய ஆர்கேன் (கூடுதல் சக்தி தரும் பொருள்) என்று பேசிவிட்டு வெறும் ஆர்கேனை வைக்கிறவர்களும் அங்கே சுற்றுகிறார்கள்.

இந்த மாதிரிக் குழுவில் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இதைப் படித்தால், வந்த பிளாட்டினத்தில் இனி ஒன்றுகூடச் செலவழிக்காதீர்கள். செலவழிக்காமல் வைத்திருந்தால் விளையாட்டு நிறுவனத்தார் திரும்ப எடுக்கும்போது பேலன்ஸ் குறையும், மைனஸுக்குப் போகாது. அவர்கள் எழுதும்வரை காத்திருக்காமல் நீங்களே உதவிப் பிரிவுக்கு டிக்கெட் போட்டு, கைமாற்றிய கணக்கின் பெயரையும் தேதியையும் சொல்லுங்கள். டெலிகிராம் உரையாடலை இப்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். விற்றவர்கள் நீக்கினால் உங்கள் பக்கமும் காணாமல் போய்விடும், எங்களுக்குப் பாதி அப்படித்தான் போனது. யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு 1930க்குப் பேசுங்கள். "பொருள் வந்துச்சா" என்ற கேள்வி கண்டிப்பாக வரும். "திருட்டுக் கார்டில் வாங்கிய பொருள் வந்தது" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

பையனின் கணக்கைத் திறக்க நிறுவனத்தின் கடையில் முழு விலைக்கு ஆயிரம் பிளாட்டினம் வாங்கினேன். கடன் கழிந்தது போகப் பேலன்ஸில் ஒரு ரியாக்டர் வாங்கும் அளவுக்கு மிச்சம் நின்றது. குழு வேறு பெயரில் அதே பின் செய்த வாரண்டியோடு ஓடிக்கொண்டிருக்கிறது, டெலிகிராமுக்கு ரிப்போர்ட் செய்திருக்கிறேன்.